மிதித்த வகையில் வரவு

எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு ‘வெளிக் கணக்கு’ என்று பெயர். மொய் போனது, மொய் வந்தது, கைமாற்று, சீட்டு எல்லாம் அங்கேதான் ஏறும். போன தை மாதம் அந்தப் பக்கத்தில் என் மனைவி எழுதிவைத்த ஒரு வரியை எந்த ஆடிட்டராலும் விளக்க முடியாது: ‘இவர்கள் மிதித்த வகையில் தம்பியிடமிருந்து வரவு.’ அந்த ‘இவர்கள்’ நான்தான். ஒரே ஆள். மரியாதைப் பன்மை.

சங்கதி சர்க்கரையில் ஆரம்பித்தது. ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். ஒரு மண்டலம் நடந்தேன். பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் நடந்தாலும் முடிவில் ஒரு டீக்கடை நிற்கிறது, டீக்கடையில் உளுந்த வடை இருக்கிறது. எடை ஒன்றரைக் கிலோ கூடியது. “சைக்கிள் வாங்கிக்கோங்கப்பா. நிறுத்திப் பூட்டணும்னு சோம்பல்பட்டே வடைக்கு இறங்க மாட்டீங்க” என்று பெங்களூரிலிருந்து மகன் சொன்னான். சொன்ன கையோடு 28,500 ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிளையும் வரவழைத்துவிட்டான். என்னை இவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருப்பவன் வெளியூரில் இருப்பதே நல்லது.

சைக்கிள் வந்தால் கூட்டாளிகளும் வருவார்கள். விடியற்காலையில் தெரு நாய்களை எழுப்பிக்கொண்டு போகும் ஒரு சைக்கிள் கூட்டத்தில் நானும் சேர்ந்தேன். இருபத்திரண்டு பேர். பல் டாக்டர் ஒருவர், வங்கி மேலாளர் ஒருவர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன்கள் நாலைந்து பேர், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை ஒருவர். பையன்கள் சாதாரணமாகப் பேசுவதே 200 கிலோமீட்டரில்தான். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் 200 கிலோமீட்டரை முடித்தால் ‘பிரெவே’ என்று ஏதோ பட்டயமாம். எனக்கு அரிசிக்கடை வரை போய்த் திரும்பினாலே பட்டயம் தரலாம்.

அந்தப் பையன்களில் ஒருவன்தான் இந்த யோசனையை எடுத்தான். பாபநாசத்தில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலைப் பார்ப்பது. தாமிரபரணி போகிற வழியே, ஏறக்குறைய 110 கிலோமீட்டர், ஒரே நாள். ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டவேண்டும். டயாலிசிஸுக்காக வாரத்தில் இரண்டு மூன்று நாள் கிராமத்திலிருந்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிறவர்களின் வண்டிச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் அந்தப் பணம் போகும். ஊர் கூடுகிற நல்ல காரியத்தில் ‘நான் வரவில்லை’ என்று சொல்லும் தைரியம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. என் கல்யாணமே அப்படி நடந்ததுதான்.

தவிர, என்னிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. ஆறு எங்கே போகிறது? கடலுக்கு. எப்படிப் போகிறது? சரிவில். பெடல் மிதிக்காமலே 128 கிலோமீட்டர் ஓடி ஒரு நதி கடலைச் சேரும்போது, கியர் வைத்த சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் நான் ஏன் சேரமாட்டேன்? சும்மா பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். இதைச் சொன்னதும் வங்கி மேலாளர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அம்பாசமுத்திரம் கடல் மட்டத்துக்கு மேலே 75 மீட்டர் போல. அதை நூறு கிலோமீட்டருக்குப் பரத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை அடிச் சரிவு. எங்கள் வீட்டு நடைப்படி அதைவிடச் சரிவு.

இப்படிச் சைக்கிள் மிதித்துத் தர்மத்துக்குப் பணம் சேர்ப்பது வெளியூர்களில் பெரிய வழக்கம் என்று பையன்கள் விளக்கினார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980இல் பில்லி ஸ்டார் என்பவர் 36 பேரைச் சேர்த்துக்கொண்டு புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஓட்டத் தொடங்கியது இன்று வரை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டதாம். அவ்வளவு தூரம் போவானேன்? 2011இல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 27 நாள், 670 கிலோமீட்டர் நடந்தே பணம் திரட்டி யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுப்பியிருக்கிறார்கள். கேட்கக் கேட்க என் மார்பு விரிந்தது. வயிறு முன்பே விரிந்திருந்தபடியால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த விரிந்த மார்போடு வீட்டுக்கு வந்து விளக்கினேன். மனைவி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். “குலசேகரப்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டிக் காணிக்கை பிரிப்பாவல்லா, அது மாதிரியா?” அது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். யோசித்தால் அதேதான். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி, குரங்கு, போலீஸ் என்று வேஷம் போட்டு வீடு வீடாக, கடை கடையாகக் காணிக்கை கேட்கிறார்கள். கேட்கிறவனுக்கு வெட்கம் போகத்தான் வேஷம். என் வேஷம் வெளிநாட்டில் தைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பொட்டலில் ஏழு நாள் கீழே இறங்காமல் சைக்கிள் விடுகிறவர் வருவார். ரிக்கார்டு பாட்டு முழங்கும். குளிப்பது, சாப்பிடுவது, சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. ஊர்ப் பெரியவர்கள் ஓடுகிற சைக்கிளோடு கூடவே நாலெட்டு ஓடிப்போய் அவர் சட்டையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டுகளை ஊக்கால் குத்துவார்கள். மைக்கில் பெயர் சொல்லப்படும். ஏழாம் நாள் அவர் ரூபாய் நோட்டால் தைத்த சட்டை போட்டவர் போல இருப்பார். அந்தப் பணம் அவர் வீட்டு அடுப்புக்கு. அதைப் போய் யாரும் தர்மம் என்று சொன்னதில்லை, வித்தை என்றார்கள். நான் செய்யப்போவது தர்மமாம். வித்தை மட்டும் என்னிடம் இல்லை.

பணம் கேட்பது சைக்கிள் ஓட்டுவதைவிடச் சிரமம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். போனில் “ஒரு உதவி” என்று ஆரம்பித்தால், பத்து வருடமாகப் பேசாதவர்கள்கூடத் தங்கள் வீட்டு லோன் பாக்கியைச் சொல்லத் தொடங்குகிறார்கள். “எனக்கில்லை, டயாலிசிஸ்” என்றால், “ஐயோ, உங்களுக்கா?” என்று அழுகிறார்கள். “எனக்கில்லை, நான் சைக்கிள் மிதிக்கிறேன்” என்றால் ஒரு நிமிடம் பேச்சே வராது. பிறகு, “வீட்ல எல்லாரும் சௌக்கியம்தான?” என்று தணிந்த குரலில் விசாரிக்கிறார்கள்.

கடைசியில் என் மைத்துனன்தான் கை கொடுத்தான். வண்ணார்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். என் வயிற்றை ஒரு தடவை, சைக்கிளை ஒரு தடவை பார்த்தான். டைல்ஸை ஒரே பார்வையில் அளக்கிற கண். “அத்தான், மொத்தமாத் தர மாட்டேன். கிலோமீட்டருக்கு நூறு ரூவா. எம்புட்டு மிதிக்கியளோ அம்புட்டுக்கு” என்றான். பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம் எட்டுக் கிலோமீட்டர். அங்கே நான் விழுவேன், எண்ணூறு ரூபாயோடு புண்ணியம் கட்டிவிடலாம் என்பது அவன் கணக்கு. அதைப் படிக்கத் தெரியாதவனா நான்? முப்பது வருடமாக அவன் அக்காவோடு குடும்பம் நடத்துகிறேன்.

அடுத்து உடை. சைக்கிளுக்கென்று ஒரு கால்சட்டை விற்கிறது. உடம்போடு ஒட்டும், உட்காரும் இடத்தில் மட்டும் மெத்தை தைத்திருக்கும். முதல் முறை அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது என் மாமியார் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள். சட்டென்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். பிறகு மகளைக் கூப்பிட்டு மெதுவாக, “மருமகப்பிள்ளைக்கு ஆப்பரேசன் ஏதும் செஞ்சிருக்காவளா? எங்கிட்டச் சொல்லவேயில்லையே” என்று கேட்டது எனக்குக் கேட்டது. மேல்சட்டை கண்ணைப் பறிக்கும் பச்சை. பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தெரிவதற்காக அந்த நிறம் என்றார்கள். இந்தப் பச்சை பின்னால் என்னவெல்லாம் செய்யப்போகிறது என்பது அப்போது தெரியாது.

தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குப் பாபநாசம் கோவில் படித்துறையில் முங்கி எழுந்தோம். அங்கே குளித்தால் பாவம் போகும் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆகையால் நான் புறப்பட்டபோது பாவமற்றவன். இது பின்னால் தேவைப்படும்.

அம்பாசமுத்திரம் வந்தது, போனது. மைத்துனனிடமிருந்து முதல் போன். “எங்க அத்தான் இருக்கிய?” “கல்லிடைக்குறிச்சி.” ஒரு நிமிடம் சத்தமில்லை. “பாத்து, மெதுவாப் போங்க” என்றான். அவன் குரலில் அத்தனை பாசத்தை நான் கேட்டதே இல்லை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காயவைக்கும் நேரம்கூட ஆகவில்லை. இருபுறமும் பிசான நெல் கதிர் பிடித்துத் தலை சாய்த்திருந்தது. நான் மட்டும்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வீரவநல்லூர் தாண்டியதும் எனக்கும் தலை சாய்ந்தது. காருகுறிச்சி வந்தபோது மூச்சு வாங்கியது. நாகஸ்வரத்தில் அருணாசலம் மூச்சை ஆண்ட ஊர் அது. அந்த ஊர் எல்லைக்குள் இப்படி ஒரு சீவாளி இரைச்சலோடு போவது எனக்கே கூச்சமாக இருந்தது.

என் சித்தாந்தத்தில் ஒரு ஓட்டை இருந்ததை இங்கேதான் கண்டுபிடித்தேன். நதி போவது கிழக்கே. தை மாதத்துக் காற்று வருவதும் வடகிழக்கிலிருந்து. ஆடியாக இருந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியிருக்கும். தாமிரபரணிக்குக் காற்று ஒரு பொருட்டில்லை. எனக்கு மார்பும் வயிறும் சேர்ந்து பாய்மரம் போல விரிந்து எதிர்த் திசையில் இழுத்தன. “குனிஞ்சு ஓட்டுங்க சார், காத்துத் தடை குறையும்” என்று ஒரு பையன் கத்திக்கொண்டே கடந்தான். குனிவதற்கு இடையில் ஒன்று தடுக்கிறது என்பதை அந்த ஒட்டியவயிற்றுக்காரனுக்கு எப்படிச் சொல்ல?

பத்தமடையில் நிறுத்தினோம். கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர், ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர். எனக்கு அப்போது துறவும் வேண்டியிருந்தது, பாயும் வேண்டியிருந்தது. விளையாட்டு ஆசிரியை ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்து, “பிள்ளைகளா, எழுந்திருங்க” என்றார். நாற்பது வருடம் ஊதிய விசிலின் அதிகாரம் அந்தக் குரலில் அப்படியே இருந்தது. எழுந்தேன்.

நெல்லையப்பர் கோவில் முன்னால் படம் எடுக்கவேண்டும் என்று டவுனுக்குள் போய், ஜங்ஷன் வந்து, ஆற்றுப் பாலத்தில் ஏறினோம். சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த மனிதர், ஜனங்கள் ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்துநின்று படும் பாட்டைப் பார்த்துவிட்டு, ஊரில் வசூல் செய்யாமல் சொந்தப் பணத்தையே போட்டுக் கட்டிக்கொடுத்த பாலம். 1843இல் திறந்தது. இன்றும் பஸ் ஓடுகிறது. அவர் இதற்காக எந்த வண்டியையும் மிதித்ததாகத் தகவல் இல்லை. பாலத்தின் நடுவில் போன் அடித்தது. “இன்னுமா அத்தான் ஓட்டுதிய?” ஐம்பது கிலோமீட்டர் முடிந்திருந்தது. ஐயாயிரம் ரூபாய். “வெயில் ஏறுது. உடம்பு முக்கியம். நான் வேணா காரை எடுத்துட்டு வாரேன்” என்றான். அவன் அப்படிச் சொன்னதும் என் காலில் எங்கிருந்தோ ஒரு பலம் வந்தது. புண்ணியத்துக்காக மிதித்தது ஐம்பது கிலோமீட்டர். அதற்கு மேல் மிதித்ததெல்லாம் மைத்துனன் முகத்தை நினைத்து.

கிருஷ்ணாபுரம் கோவில் தூண்களில் நாயக்கர் காலத்து வீரர் சிலைகளுக்குத் தொடை நரம்புகூடக் கல்லில் தெரியும். எனக்கும் தெரிந்தது. செய்துங்கநல்லூர் தாண்டி ஒரு தண்ணீர்ப் பந்தல். அங்கே வாழைத்தார் கட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஒருவர் காலூன்றி நின்று, எங்களை மேலும் கீழும் பார்த்தார். “அண்ணாச்சி, எதுக்கு இப்படி?” சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ நீங்க மிதிக்கலன்னா அவுக ரூவா தரமாட்டாவளா?” என்றார். “தர மாட்டாங்க.” “ஏன்?” அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் வண்டியை முறுக்கும் முன் ஒரு சீப்புப் பழத்தை எங்களிடம் வீசிவிட்டுப் போனார். மிதிக்காமலே கொடுத்த ஆள்.

அதே பந்தலில்தான் பச்சைச் சட்டை தன் வேலையைக் காட்டியது. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பச்சை உடுத்துவார்கள். சாலை நெடுகப் பச்சை வேட்டி, பச்சைச் சேலை. நடுவே பச்சையாக நான். பந்தல்காரர்கள் பானகம் கொடுத்தார்கள், எலுமிச்சைச் சோறு கொடுத்தார்கள், நெற்றியில் திருநீறு பூசினார்கள். தர்மம் செய்யப் புறப்பட்டவன் ஒவ்வொரு பந்தலிலும் தர்மச் சோறு சாப்பிட்டுக்கொண்டே போனேன். ஒரு பாட்டி வந்து, “திருச்செந்தூருக்குத்தானய்யா?” என்று கேட்டாள். வாய் நிறையச் சோறு. தலை தானாக ஆடியது. அவள் சேலை முந்தி முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் நோட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். “உண்டியல்ல போட்டுருய்யா. எனக்கு முட்டு மடக்க முடியல.” சோற்றை விழுங்கிவிட்டு உண்மையைச் சொல்வதற்குள் அவள் பந்தலுக்குப் பின்னால் போய்விட்டாள். நோட்டைச் சட்டையின் முதுகுப் பக்கப் பையில் போட்டேன்.

ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டி எடுத்த பரம்பைக் கடந்தபோது எனக்கு அந்தப் பழங்காலத்துக்காரர்கள் மேல் ஒரு நெருக்கம் வந்தது. முட்டு மடங்கிப் பானைக்குள் இருப்பது எப்படி என்று ஐந்து மணி நேரமாக அனுபவித்துக்கொண்டிருந்தேனே! ஆழ்வார்திருநகரியில், புளியமரத்தடியில் 16 ஆண்டு அசையாமல் அமர்ந்திருந்த நம்மாழ்வாரின் ஊரில், வேறொரு புளியமரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். பல் டாக்டர் வந்து, “உட்கார்ந்தா தசை இறுகிடும் சார்” என்று எழுப்பினார். ஆழ்வாருக்கு அந்தத் தொல்லை இல்லை.

டாக்டர் சொன்னது பலித்தது. தென்திருப்பேரை தாண்டியதும் வலது கெண்டைக்கால் முடிச்சுப் போட்டுக்கொண்டது. அடுத்த நிமிடம் இடது கால். சைக்கிளோடு சாய்ந்து ஒரு வாழைத் தோட்ட வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் தண்ணீர் கேனும் பஞ்சர் சாமானும் ஏற்றி வந்த குட்டியானை நின்றது. இரண்டு பேர் என்னை அலாக்காகத் தூக்கிக் கேன்களுக்கு நடுவே படுக்கவைத்தார்கள். மேலே சைக்கிள். வானம் நீலமாக இருந்தது. போன் அடித்தது. “எங்க அத்தான்?” “தென்திருப்பேரை தாண்டிப் போய்க்கிட்டிருக்கேன்.” இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் பாபநாசத்தில் கழுவிவிட்டு வந்த இடம் மறுபடி லேசாகக் கறைபடுவது தெரிந்தது.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் வந்ததும் இறங்கிக்கொண்டேன். மிச்சத்தை நொண்டி நொண்டி மிதித்தேன். இப்போது கடல் காற்றும் சேர்ந்து எதிரே நின்றது. புன்னைக்காயலில் தாமிரபரணி அலட்டிக்கொள்ளாமல் கடலுக்குள் போனது. நாங்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். படத்தில் குட்டியானை இல்லை.

மறுநாள் காலை நான் கட்டிலில் இருந்தேன். சரியாகச் சொன்னால், நானும் கட்டிலும் ஒரே பொருளாக இருந்தோம். மைத்துனன் ஒரு கவரோடு வந்தான். 110 கிலோமீட்டருக்கு 11,000 ரூபாய். மேஜையில் வைத்து ஒவ்வொரு நோட்டாக எண்ணினான். ஒவ்வொரு நோட்டும் அவனைப் பிரிய மனமில்லாமல் போனது. மனைவி துணி காயப்போட்டுவிட்டு வந்து, “சட்டைப் பையில பத்து ரூவா கிடந்துச்சு. தொவைச்சுட்டேன். கொடியில கிளிப் போட்டுத் தொங்குது. யாரு ரூவா?” என்றாள். முருகன் ரூபாய் என்று பாட்டி கதையைச் சொன்னேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். “குட்டியானையில படுத்திருக்கும்போதுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது” என்றும் சொன்னேன்.

எண்ணிக்கொண்டிருந்த விரல் நின்றது. “எந்தக் குட்டியானை, அத்தான்?”

பதினான்கு கிலோமீட்டர். அவன் போன் கால்குலேட்டரையெல்லாம் திறக்கவில்லை. ஆயிரத்து நானூறை உருவிச் சட்டைப்பையில் வைக்கப் போனான். முகத்தில் ஒரு மாதமாக இல்லாத வெளிச்சம். “ஏல, அதை இங்க கொண்டா” என்றாள் என் மனைவி. கொண்டுவந்தான். அக்காவுக்கு அவன் இன்றும் மூன்றாம் வகுப்புப் பையன்தான். 9,600 ரூபாய் டயாலிசிஸ் கணக்குக்குப் போனது. நோட்டில் ஒரு வரி ஏறியது. அதன் அடியிலேயே இன்னொரு வரி: ‘இவர்கள் மிதிக்காத வகையில் வரவு, 1,400.’ அது எதற்கு என்று கேட்டேன்.

“திருச்செந்தூர்ச் செலவுக்கு. நீங்க முழுசா வீடு வந்து சேந்தா மொட்டை போடுதேன்னு நேந்திருந்தேன்லா.”

“உனக்கா?”

“எனக்கு எதுக்கு? நானா சைக்கிள்ல போனேன்?”

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூவரும் மைத்துனன் காரில் திருச்செந்தூர் போனோம். பாட்டியின் பத்து ரூபாய், சலவை மடிப்போடு, உண்டியலில் விழுந்தது. கோவில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது, 2021லேயே எடுத்துவிட்டார்கள். ஆகையால் அதற்கென்று யாரிடமும் நன்கொடை கேட்க வேண்டியிருக்கவில்லை. கடலில் குளித்துச் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றேன். மைத்துனன் என் தலையைச் சுற்றி வந்து பார்த்தான். டைல்ஸைப் பார்க்கிற அதே பார்வை.

“இனிமே காத்துத் தடை குறையும்லா அத்தான்” என்றான். “அடுத்த வருசம் கிலோமீட்டருக்கு அம்பது ரூவாதான்.”